வென்ற நாடு சம்பளம் தரவில்லை: அமெரிக்கப் புரட்சிப் போரும் வெளிநாட்டு அதிகாரிகளின் பாக்கிக் கணக்கும்

1784 ஜனவரி 14 அன்று, அன்னாபொலிஸ் நகரில் கூடியிருந்த அமெரிக்கக் காங்கிரஸ், பிரிட்டனுடனான சமாதான உடன்படிக்கைக்கு ஒப்புதல் அளித்தது. எட்டு ஆண்டுப் போர் சட்டப்படி முடிந்தது. அதே மாதம் அதே சபை இன்னொரு தீர்மானமும் போட்டது. அமெரிக்காவுக்காகப் போரிட்ட வெளிநாட்டு அதிகாரிகள் சிலருக்கு, அவர்களின் உடனடி நெருக்கடி தீரவும் தாய்நாடு போய்ச் சேரவும் வேண்டிய தொகையைச் சம்பளக் கணக்கில் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். முழுச் சம்பளத்தையும் கொடுங்கள் என்று தீர்மானம் சொல்லவில்லை. கப்பல் ஏறும் அளவுக்குக் கொடுத்தால் போதும், மீதிக்குப் பத்திரம்.

உலகின் பெரிய வல்லரசைத் தோற்கடித்த நாட்டிடம் சில டஜன் அதிகாரிகளுக்குக் கொடுக்கக் காசு இல்லையா? இல்லை. அது ஏன் என்பதும், அந்தப் பத்திரங்கள் என்ன ஆயின என்பதும்தான் இங்கே விஷயம்.

முதலில் இவர்கள் யார் என்று பார்த்துவிடலாம். 1775இல் போர் தொடங்கியபோது அமெரிக்கர்களிடம் துப்பாக்கி பிடிக்கத் தெரிந்தவர்கள் ஏராளம்; கோட்டை கட்டவும், பீரங்கிக்கு மேடை அமைக்கவும், படையை அணிவகுத்துப் பயிற்றவும் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. ஐரோப்பாவிலோ நிலைமை தலைகீழ். ஏழாண்டுப் போர் 1763இல் முடிந்தபின் வேலையோ பதவி உயர்வோ இல்லாமல் காத்திருந்த ராணுவ அதிகாரிகள் அங்கே நிறைந்திருந்தார்கள். காங்கிரசின் பிரதிநிதியாக 1776இல் பாரிஸ் போய்ச் சேர்ந்த சைலஸ் டீன், தன்னைத் தேடி வந்தவர்களுக்கெல்லாம் பதவியும் சம்பளமும் வாக்களித்துக் கப்பலேற்றி அனுப்பினார். தாராளம் கொஞ்சம் மிஞ்சிப் போயிற்று. து கூத்ரே என்ற பிரெஞ்சு அதிகாரிக்கு மேஜர் ஜெனரல் பதவியையும் பீரங்கிப் படையின் தலைமையையும் வாக்களித்துவிட்டார். சேதி கேட்டதும் நாக்ஸ், கிரீன், சல்லிவன் ஆகிய மூன்று அமெரிக்கத் தளபதிகள் பதவி விலகுவோம் என்று காங்கிரசுக்கு எழுதினார்கள். அந்தச் சிக்கல் தீர்ந்த விதமும் விநோதமானது: 1777 செப்டம்பரில் ஸ்கூல்கில் ஆற்றைப் படகில் கடக்கும்போது து கூத்ரேயின் குதிரை மிரண்டு தண்ணீரில் பாய, அவர் மூழ்கி இறந்தார்.

வந்தவர்கள் எல்லோரும் இந்த ரகம் அல்ல. பிரான்சின் அரச பொறியாளர் படையிலிருந்து வந்த துபோர்த்தாய், அமெரிக்க ராணுவத்தின் தலைமைப் பொறியாளர் ஆனார். போலந்துக்காரரான கொஸ்சியுஸ்கோ, ஹட்சன் ஆற்றங்கரையில் வெஸ்ட் பாயின்ட் அரண்களைக் கட்டினார். பிரஷ்யாவில் பயிற்சி பெற்ற ஸ்டூபன், 1778 பனிக்காலத்தில் வேலி ஃபோர்ஜ் முகாமில் கந்தல் உடுத்தி நின்ற படைக்கு அணிவகுப்பு சொல்லிக் கொடுத்தார். அர்மான் என்று அமெரிக்கர்கள் அழைத்த மார்க்கி த லா ருவேரி சொந்தப் பணத்தையும் செலவழித்துத் தன் படைப் பிரிவை நடத்தினார். போலந்தின் புலாஸ்கி 1779இல் சவானாவிலும், பவேரியாவில் பிறந்த டி கால்ப் 1780இல் கேம்டனிலும் காயம்பட்டு உயிர்விட்டார்கள். நம் பக்கத்துக்கு ஒரு தொடர்பும் உண்டு. அமெரிக்கப் படையின் தலைமைத் தளபதி வாஷிங்டனுக்கு எதிராகச் சதி செய்ததாகப் பேர்பெற்ற தாமஸ் கான்வே, அயர்லாந்தில் பிறந்த பிரெஞ்சு அதிகாரி. அமெரிக்காவிலிருந்து கிளம்பிய அவர் பிற்பாடு 1787இல் புதுச்சேரிக்கு ஆளுநராக வந்தார்.

இனி பணத்துக்கு வருவோம். அன்றைய காங்கிரசை இன்றைய அமெரிக்க நாடாளுமன்றம் போல நினைத்தால் எதுவும் புரியாது. அதற்கு வரி போடும் அதிகாரமே கிடையாது. 13 மாநிலங்களிடமும் உங்கள் பங்கு இவ்வளவு என்று எழுதிக் கேட்கலாம்; தராவிட்டால் மறுபடி எழுதிக் கேட்கலாம். அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தில் பராமரிப்புத் தொகையை வசூலிக்கும் செயலாளரின் நிலைதான். இறக்குமதிச் சரக்குக்கு 5 சதவீதம் தீர்வை விதிக்க 1781இல் காங்கிரஸ் அனுமதி கேட்டது. அதற்கு எல்லா மாநிலங்களும் சம்மதிக்க வேண்டும். மற்றவை இணங்கி வந்தும், மிகச் சிறிய மாநிலமான ரோட் ஐலண்ட் 1782இல் மறுத்தது, திட்டம் படுத்துவிட்டது. 1783இல் மீண்டும் கேட்டார்கள். இம்முறை நியூயார்க் கெடுத்தது.

வரி இல்லை என்றால் போருக்குச் செலவழிக்க முக்கிய வழி நோட்டு அடிப்பது. 1775 முதல் 1779 வரை 20 கோடி டாலருக்கும் மேல் காகிதப் பணம் அடித்துத் தள்ளினார்கள். அதற்குப் பின்னால் தங்கமோ வெள்ளியோ இல்லை என்பது மளிகைக்கடைக்காரருக்குக்கூடத் தெரியும். 1780 மார்ச்சில் காங்கிரசே வாய்விட்டு ஒப்புக்கொண்டது: 40 காகித டாலருக்கு ஒரு வெள்ளி டாலர் மதிப்பு. இதை ஒரு சம்பளக் கணக்கில் வைத்துப் பாருங்கள். காலாட்படைக் கேப்டனுக்கு 1778இல் நிர்ணயித்த மாதச் சம்பளம் 40 டாலர். 1780 மார்ச் கணக்குப்படி அந்த மாதச் சம்பளம் முழுவதும் ஒரே ஒரு வெள்ளி டாலர். செருப்புத் தைக்கக்கூடக் காணாது. அதையும் மாதாமாதம் கொடுக்கவில்லை.

ஆக, சம்பள பாக்கி என்பதில் இரண்டு பாக்கிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்று, கொடுக்காமலே விட்ட மாதங்கள். மற்றொன்று, கொடுத்தும் கொடுக்காததாகிப்போன மாதங்கள், அதாவது செல்லாக்காசில் கொடுத்த சம்பளத்தின் மதிப்பிழப்பு. இந்த இரண்டாவது பாக்கியில்தான் வெளிநாட்டு அதிகாரிகள் தனியாக மாட்டிக்கொண்டார்கள்.

அமெரிக்க ராணுவம் பெரும்பாலும் மாநிலவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தது: வர்ஜீனியா அணி, பென்சில்வேனியா அணி, மாசசூசெட்ஸ் அணி என்று. மதிப்பிழப்பை ஈடுகட்டும் பொறுப்பை அந்தந்த மாநிலங்கள் தங்கள் அணிக்காக ஏற்றுக்கொண்டன. கன்னெக்டிகட் கேப்டனுக்குப் பணம் வரவில்லை என்றால் அவருடைய அண்டை வீட்டுக்காரரே சட்டமன்ற உறுப்பினராக இருப்பார். போய்ச் சத்தம் போடலாம், அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்ளலாம். துபோர்த்தாய்க்கு எந்த மாநிலம்? பொறியாளர் படையும் அர்மானின் படையும் எந்த மாநிலக் கணக்கிலும் சேராதவை. அவர்களுக்குக் காங்கிரசை விட்டால் வேறு நாதி இல்லை. காங்கிரசுக்கு வேறு வருமானம் இல்லை.

1783 வசந்தத்தில் இந்தக் கோபம் உள்நாட்டு அதிகாரிகளிடமே வெடிக்கப் பார்த்தது. நியூபர்க் முகாமில், பணம் தராவிட்டால் ஆயுதத்தைக் கீழே வைக்க மாட்டோம் என்ற தொனியில் பெயரில்லாக் கடிதங்கள் சுற்றின. மார்ச் 15 அன்று வாஷிங்டன் நேரில் போய்ப் பேசி அடக்கினார். அடுத்த வாரமே, கடைசிவரை பணியிலிருந்த அதிகாரிகளுக்கு வாழ்நாள் பாதிச் சம்பளம் என்று முன்பு சொன்னதை மாற்றி, ஐந்து ஆண்டு முழுச் சம்பளம் தருவதாகக் காங்கிரஸ் ஒப்புக்கொண்டது. எதில் தருவது? மறுபடியும் பத்திரம்தான்.

இந்தப் பத்திரத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மொத்தக் கதையும் அதில்தான் சுருண்டு கிடக்கிறது. ராணுவச் சம்பளக் கணக்குகளைத் தீர்க்கும் பொறுப்பு ஜான் பியர்ஸ் என்ற அதிகாரியிடம் இருந்தது. ஒருவர் எத்தனை மாதம் பணியாற்றினார், எந்தப் பதவியில், எவ்வளவு வாங்கினார், வாங்கிய காகிதப் பணத்தின் உண்மை மதிப்பு என்ன என்று கூட்டிக் கழித்து, மீதித் தொகையை எழுதி, 6 சதவீத வட்டியுடன் அமெரிக்க ஐக்கிய நாடுகள் இவருக்குக் கடன்பட்டிருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். சம்பளம் வாங்க வந்தவர் கடன் கொடுத்தவராகிவிட்டார். அசல் எப்போது வரும் என்பதற்கு உறுதி எதுவும் இல்லை.

வீடு திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்க்கு இந்தத் தாளை வைத்துக்கொண்டு காத்திருக்க வசதி இல்லை. நூறு டாலர் பத்திரத்தைப் பத்துக்கும் பதினைந்துக்கும் விற்றுவிட்டான். வாங்கிக் குவித்தவர்கள் நகரத்து வியாபாரிகள். வெளிநாட்டு அதிகாரிகளின் பத்திரத்தில் மட்டும் ஒரு கூடுதல் வாசகம் இருந்தது: வட்டி ஆண்டுதோறும் பாரிசில் கிரான் என்ற வங்கியாளரின் நிறுவனத்தில் கிடைக்கும். ஊருக்குப் போகிறவர்களைச் சமாதானப்படுத்தச் சேர்த்த சலுகை அது. எழுதியவர்கள் இவ்வளவு யோசித்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை, ஆனால் பின்னால் வந்த நல்லது கெட்டது எல்லாம் அந்த ஒரு வாசகத்திலிருந்துதான் கிளைத்தது.

கெட்டது முதலில் வந்தது. 1785இல் பிராங்க்ளினுக்குப் பதிலாக ஜெபர்சன் பாரிசில் அமெரிக்கத் தூதரானார். வட்டித் தேதி வரும்போது அதிகாரிகள் பத்திரத்தோடு வந்து நின்றார்கள். கிரானிடம் அமெரிக்கக் கணக்கில் இருந்தது தூதரகச் செலவுக்கே இழுபறி. பிரெஞ்சு அரசிடம் வாங்கிய பெருங்கடனுக்கே அமெரிக்கா வட்டி கட்டுவதை நிறுத்திவிட்ட காலம் அது. அதன்முன் அதிகாரிகளின் வட்டி எம்மாத்திரம்? ஆனால் ஜெபர்சனுக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. மொத்த அசல் சுமார் 1,86,000 டாலர். ஆண்டு வட்டி 11,000 டாலர் சொச்சம். கோடிக்கணக்கான டாலர் கடனில் இது ஒரு மூலையில் கிடக்கும் தொகை. இருந்தும், நம்முடைய மற்றக் கடன்கள் அனைத்தும் சேர்ந்து எழுப்புவதைவிட அதிகமான சத்தத்தை இந்தக் கடன் நமக்கு எதிராக எழுப்புகிறது என்று அவர் எழுதினார்.

காரணம் எளிது. இவர்கள் பிரபுக் குடும்பத்துப் பிள்ளைகள். அரசவையில் சொந்தபந்தம் உள்ளவர்கள். பாரிசின் விருந்துகளில், அமெரிக்கா ஏமாற்றிவிட்டது என்று ஒருவர் சொன்னால் நிதி அமைச்சரின் காதுக்கு மறுநாளே போய்ச் சேரும். அமெரிக்காவோ அடுத்த கடனுக்கு ஐரோப்பாவைத்தான் நம்பியிருந்தது. சின்னக் கடன்காரன் தெருவில் நின்று கத்தினால் பெரிய கடன் கொடுப்பவன் கதவைச் சாத்திவிடுவான். 1788 மார்ச்சில் ஜெபர்சன் ஆலந்துக்கு ஓடி, அங்கே ஜான் ஆடம்சுடன் சேர்ந்து ஆம்ஸ்டர்டாம் வங்கியாளர்களிடம் பத்து லட்சம் கில்டர் (டச்சு நாணயம்) கடனுக்கு ஏற்பாடு செய்தார்.

அதற்குள் அமெரிக்காவில் புதிய அரசியல் சட்டம் வந்துவிட்டது. 1789 முதல் மத்திய அரசுக்கு வரி வசூலிக்கும் அதிகாரம் கிடைத்தது. எல்லாவற்றையும் மாற்றியது அந்த ஒன்றுதான். நிதித்துறைச் செயலர் ஹாமில்டன் 1790 ஜனவரியில் தன் கடன் திட்டத்தை முன்வைத்தார். பத்திரம் இன்று யார் கையில் இருக்கிறதோ அவருக்கே பணம் என்றார். பத்துக்கும் பதினைந்துக்கும் வாங்கிய வியாபாரிக்கு முழு லாபமும், விற்றுவிட்ட சிப்பாய்க்கு ஒன்றுமில்லாமலும் போவது நியாயமா என்று காங்கிரஸ் உறுப்பினர் மாடிசன் எதிர்த்தார். தோற்றார். உள்நாட்டுப் பத்திரங்களுக்குப் புதிய பத்திரங்கள் கொடுக்கப்பட்டன. அவற்றிலும் அசலில் மூன்றில் ஒரு பங்குக்கு 1801 முதல்தான் வட்டி என்று வெட்டு விழுந்தது.

வெளிநாட்டு அதிகாரிகளின் பத்திரத்தைத் தனியாக எடுத்து வைத்தார்கள். அதை முழுவதுமாக அடைத்துவிட 1792 மே மாதம் சட்டம் வந்தது. நன்றியுணர்ச்சி ஒரு பங்கு இருந்திருக்கலாம். கணக்கும் இருந்தது: இந்தக் கடனுக்கு 6 சதவீத வட்டி, அதுவும் பாரிசில் கட்ட வேண்டும்; ஆம்ஸ்டர்டாமிலோ இப்போது அதைவிடக் குறைந்த வட்டிக்குப் பணம் கிடைத்தது. குறைந்த வட்டிக்கு வாங்கி அதிக வட்டிக் கடனை அடைப்பது எந்தக் குடும்பஸ்தனுக்கும் தெரிந்த கணக்கு. பழைய சிப்பாய் எட்டில் ஒரு பங்குக்கு விற்ற தாளும், பிரெஞ்சுப் பொறியாளர் பெட்டியில் பூட்டி வைத்த தாளும் ஒரே பியர்சின் கணக்கிலிருந்து வந்தவைதான். ஒருவனுக்கு ஊரில் குரல் இருந்தது, பணமில்லை. மற்றவனுக்கு ஊரில் குரல் இல்லை, ஆனால் அமெரிக்கா கடன் கேட்டு நின்ற வாசலில் இருந்தது. எனக்கு இந்த முழு விவகாரத்திலும் ஆறாத இடம் இதுதான்.

சட்டம் வந்த நேரம்தான் கோணல். 1792 ஆகஸ்டில் பிரெஞ்சு மன்னராட்சி கவிழ்ந்தது. அங்கேயும் ஒரு புரட்சி, அங்கேயும் மதிப்பிழந்துகொண்டிருந்த காகிதப் பணம். அதில் கொடுத்தால் 1780இன் கதை இரண்டாவது முறை நடந்துவிடும். வாங்க வேண்டியவர்களோ சிதறிப் போயிருந்தார்கள். பொறியாளர் குவியோன் ஜூனில் போர்க்களத்தில் மாண்டார். அமெரிக்காவுக்காகப் போரிட்ட பிரெஞ்சுப் பிரபு லஃபாயெட் எல்லை தாண்டி ஆஸ்திரியர்களிடம் சிக்கினார். பிரான்சின் போர் அமைச்சராகவே இருந்துவிட்ட துபோர்த்தாய் தலைமறைவானார். அர்மான், புரட்சி அரசுக்கு எதிராகப் பிரித்தானி மாகாணத்தில் சதி திரட்டிக்கொண்டிருந்தபோது 1793 ஜனவரியில் காய்ச்சலில் இறந்தார்.

எல்லோருடைய உரிமையும் பத்திரத்தில் அடங்கியதும் அல்ல. ஸ்டூபன் வந்தபோது, இப்போது சம்பளம் வேண்டாம், செலவை மட்டும் கொடுங்கள், போரில் வென்றால் ஐரோப்பாவில் நான் இழந்த வருமானத்துக்கு ஈடு செய்யுங்கள் என்ற ஏற்பாட்டில் வந்தார். பிறகு அது ஒப்பந்தமா, வெறும் பேச்சா என்று ஆண்டுக்கணக்கில் வாதம் நடந்தது. வாஷிங்டன் 1783 டிசம்பர் 23 அன்று, தளபதிப் பதவியைத் துறந்த நாளில், அந்தப் பதவியில் இருந்து எழுதிய கடைசிக் கடிதம் ஸ்டூபனுக்கு நன்றி சொல்லித்தான். நன்றிக் கடிதத்தைக் காட்டிக் கடன்காரர்களைத் திருப்பி அனுப்ப முடியாது. நியூயார்க் மாநிலம் 16,000 ஏக்கர் நிலம் கொடுத்தது; காட்டு நிலம். கடைசியில் 1790 ஜூனில்தான் ஆண்டுக்கு 2,500 டாலர் வாழ்நாள் ஊதியம் கிடைத்தது. நான்கே ஆண்டுகள் அனுபவித்துவிட்டு 1794இல் இறந்தார். லஃபாயெட் விஷயத்தில் நேர்மாறு. சம்பளமே வேண்டாம் என்று பணியாற்றியவருக்கு, அவர் சிறையில் கிடந்த 1794இல், வாங்காமல் விட்ட சம்பளமாக 24,424 டாலர் ஒதுக்கினார்கள். 1824இல் விருந்தாளியாகத் திரும்பி வந்தபோது 2,00,000 டாலரும் நிலமும் கொடுத்தார்கள். டி கால்பின் வாரிசுகளுக்குச் சுமார் 66,000 டாலர் கிடைத்தது 1855இல், அவர் இறந்து 75 ஆண்டுகள் கழித்து.

கொஸ்சியுஸ்கோவின் பத்திரம் இவை எல்லாவற்றையும்விட நீளமாகப் பயணப்பட்டது. 1784இல் அவர் போலந்துக்குக் கிளம்பியபோது கையில் இருந்தது சுமார் 12,280 டாலருக்கான கடன் தாள். 1792இல் பணம் தரச் சட்டம் வந்தபோது ரஷ்யப் படையோடு போரிட்டுக்கொண்டிருந்தார். 1794இல் போலந்து எழுச்சிக்குத் தலைமை தாங்கி, மாச்சியோவிட்சேயில் காயத்தோடு பிடிபட்டு ரஷ்யச் சிறையில் கிடந்தார். புதிய ஜார் மன்னர் விடுவித்தபின், 1797 ஆகஸ்டில், காயம் ஆறாத உடம்போடு பிலடெல்பியாவில் வந்து இறங்கினார். காங்கிரஸ் கணக்குப் பார்த்து, 1793க்குப் பிந்தைய வட்டியையும் சேர்த்து 15,000 டாலருக்குச் சற்று மேல் கொடுத்தது. போர் முடிந்து 14 ஆண்டுகள்.

அந்தப் பணத்தை அவர் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோகவில்லை. 1798 மே மாதம் ஓர் உயில் எழுதி ஜெபர்சனிடம் ஒப்படைத்தார்: என் அமெரிக்கப் பணத்தைக் கொண்டு, உங்களுடையவர்களோ மற்றவர்களுடையவர்களோ, கறுப்பின அடிமைகளை விலைக்கு வாங்கி விடுதலை செய்யுங்கள், அவர்களுக்குக் கல்வி கொடுங்கள். 1817இல் சுவிட்சர்லாந்தில் கொஸ்சியுஸ்கோ இறந்தபோது ஜெபர்சனுக்கு வயது 74. உயிலை நிறைவேற்றும் பொறுப்பை அவர் ஏற்கவில்லை. கொஸ்சியுஸ்கோ பின்னாளில் ஐரோப்பாவில் வேறு உயில்களும் எழுதியிருந்ததால் வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. 1852இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், 1798 உயில் அவருடைய பிந்தைய உயிலால் ரத்தாகிவிட்டது என்று தீர்ப்பளித்து, பணத்தை ஐரோப்பாவிலிருந்த உறவினர்களுக்குக் கொடுத்தது. அதைக் கொண்டு ஓர் அடிமையும் விடுதலை பெறவில்லை.